நேசமலர் மிஸியின் காயாத படம்

முப்பத்தொரு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக, ஊர்ப்பேச்சில் 'மிஸி'யாக, வேலைபார்த்து ஓய்வுபெற்ற நேசமலர், அறுபதாவது வயதில் தன் வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனியில் நின்று கடலை எண்ணெய் வர்ணத்தில் வரையத் தொடங்கினாள். கொழும்பு ஏழில் வருடாவருடம் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு இரண்டு முறை படம் கொடுத்தாள். இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள். முதல் படத்தில் கடல் சுவர் மாதிரி நின்றது. இரண்டாவதில் அலைகள் தோய்க்கப் போட்ட துணிக் குவியலாகக் கிடந்தன. திருப்பியது சரிதான் என்று அவளுக்கே தெரியும்.

2008ஆம் ஆண்டு மே மாதம் வரைந்த மூன்றாவது படம் வேறு. மழைக்கு முந்திய கடல், கறுத்த பாறைகள், பாறைக்கு இந்தப் பக்கம் ரெயில் தண்டவாளம். இந்த முறை தண்ணீர் தண்ணீராக அசைந்தது. இது சுவரில் ஏறும் என்று அவளுக்கு நிச்சயம்.

ஒரு பிழை மட்டும். வர்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் பாதியில் முடிந்துபோக, எண்ணெய் எண்ணெய்தானே என்று குசினியிலிருந்த நல்லெண்ணெயை ஊற்றிவிட்டாள். ஐந்து கிழமையாகியும் படம் காயவில்லை. ஒப்படைக்கும் கடைசி நாளோ வந்துவிட்டது: வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி.

துணியால் மூடினால் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் வைத்தால் காலி வீதி யுத்தகாலச் சோதனைச் சாவடியில் திறக்கச் சொல்லிக் கையை விடுவார்கள். தீக்காய வார்டில் நோயாளியின் தோலில் படாமலிருக்க, கட்டிலில் வளையம் வைத்து அதன்மேல்தான் போர்வை போடுவது வழக்கம். நேசமலர் கீழ்வீட்டு ஜவாஹிறாவிடம் போய், அதேபோலக் கடல் படத்தை மூட அவளுடைய பேரப்பிள்ளையின் குடைபோல விரியும் நுளம்பு வலையைக் கேட்டாள்.

"புள்ளக்கி வாங்கின வலை மிஸி. கடலுக்கும் நுளம்பு கடிக்கிதா?"

"கடிக்குது. கெதியாத் தாங்கோ."

வழக்கமாக வரும் இருளப்பனின் ஓட்டோவில் ஏறி, படத்தை மடியில் மல்லாக்கக் கிடத்தி, மேலே வலையை விரித்தாள். சாவடியில் ஓர் இளம் சிப்பாய் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "பபா நிதித?" என்றான். குழந்தை தூங்குகிறதா என்று.

"குழந்தையில்லை, படம். ஈரம். கை வைக்காதே" என்றாள் சிங்களத்தில். வார்டில் பழகிய சிங்களம். கட்டளை போட நல்லது.

உள்ளே பார்த்த சிப்பாயின் முகம் மாறியது. கடற்கரை, ரெயில் பாதை. அவளுடைய அடையாள அட்டையிலோ பிறந்த இடம் யுத்தம் நடக்கும் வடக்கில், பருத்தித்துறை. அவன் சார்ஜன்டைக் கூப்பிட்டான்.

"ரெயில் பாதையை எதற்கு வரைந்தாய்?" என்றார் சார்ஜன்ட்.

"எனக்கும் கடலுக்கும் நடுவில் அதுதானே கிடக்கிறது? கிளப்பி வேறிடத்தில் போடுங்கள், நானும் வரையாமல் விடுகிறேன்."

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "படம் இங்கே இருக்கட்டும். நாளைக்கு மேலிடம் பார்க்கும்."

இருளப்பன் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "குடுத்துட்டு வாங்கம்மா. படம் இன்னொண்ணு வரைஞ்சுக்கலாம். ஒங்கள உள்ள போட்டா யாரு வந்து எடுக்கிறது?"

அவன் சொன்னதில் பிழையில்லை. அந்த வருடம் இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு ஆட்கள் உள்ளே போயிருந்தார்கள்.

"நீர் பேசாமல் இரும்" என்று அவனை அடக்கிவிட்டு, கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு நோயாளியை ஒப்படைக்கும்போது எழுதுவதுபோல எழுதி, சிங்களத்தில் உரக்க வாசித்தாள்:

"எண்ணெய் வர்ணப் படம் ஒன்று. ஈரம். கீறல் இல்லை, விரல் அடையாளம் இல்லை. ஒப்படைத்த நேரம் மூன்று இருபது. மல்லாக்க வைக்க வேண்டும். தூசு படக்கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சேதத்துக்குப் பொறுப்பு, பாரமெடுத்தவர்." பேனையை நீட்டினாள். "பெயர், இலக்கம், கையெழுத்து."

சார்ஜன்ட் கொப்பியைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். சிப்பாயைப் பார்த்தார், அவன் ஓரடி பின்னால் போனான். ஓட்டோவுக்குப் பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன.

"கொண்டு போங்கள், மிஸி" என்றார் சார்ஜன்ட்.

மண்டபத்தில் படங்களைப் பாரமெடுத்த கொன்ஸ்ரன்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு நிமிடம் மிச்சம்.

"ஐயோ, இன்னும் ஈரமா இருக்கே!"

"காய்ஞ்சிருக்க வேணுமெண்டு நிபந்தனையில போட்டிருக்கோ?"

"இல்லை..."

"அப்ப நம்பரைப் போடுங்கோ."

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. படம் தெரிவாகியிருந்தது. திறப்புநாளன்று அது வாசலுக்கு நேரே, கண்மட்டத்தில் தொங்கியது. கீழே அவளுடைய பெயர், மூன்று மொழியிலும். நுகேகொடையிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, "வெள்ளவத்தைக் கடல் இவ்வளவு பச்சையோ?" என்று கேட்டார்.

"காலமை ஆறு மணிக்கு வாங்கோ, காட்டுறன். ஆறரைக்கு வந்தா நான் பொறுப்பில்லை."

மண்டபத்தைப் பூட்டும்வரை அவள் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். கால் வீங்கிவிட்டது. வீங்கட்டும் என்று விட்டாள்.