பாதியில் போட்ட சால்வை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில் மோர் வருவதற்குள் எழுந்துவிடுவேன். சினிமாவில் கடைசிச் சண்டை முடியும் முன்பே ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நிற்பேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட ஆள் என்று என் மனைவி சொல்வாள். இந்த லட்சணத்தில், தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில் ஒரு சின்னச் சங்கீத சபாவுக்கு நான் செயலாளர். பகலில் மில் ஆபீஸ், சாயங்காலம் சபா. எத்தனையோ கச்சேரிகள் நடத்தியிருக்கிறேன். ஒன்றைக்கூட முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை.

சீனப் பாட்டுக் கச்சேரி வைத்த கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. காந்திபுரத்தில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். அவருடைய அப்பா சீனாவிலிருந்து கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தவர். பிறகு குடும்பத்தோடு ரயிலேறி இங்கே வந்து பல் கட்டும் கடை போட்டார். சின்னப் பிள்ளையாக வந்த மகனுக்கு இந்த ஊர்ப் பேச்சே வாயில் ஒட்டிக்கொண்டது. “ஏனுங்க, நல்லா ஆன்னு தொறங்க” என்பார்.

அன்றைக்கு ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும் என்று என்னைக் காக்க வைத்தார். காத்திருப்பது எனக்கு ஆகாத காரியம். எழுந்து உலாத்தினேன். திரைக்குப் பின்னால் ஒரு வாத்தியம் மாட்டியிருந்தது. நீளக் கழுத்து, அடியில் பாம்புத்தோல் போர்த்திய சின்னப் பெட்டி, இரண்டே தந்தி. வில்லின் மயிர் அந்த இரண்டு தந்திகளுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. வில்லைத் தனியே எடுக்கவே முடியாது.

“நான் இதை வாசிப்பனுங்க. பியூட்டி பார்லர் வச்சிருக்கற தங்கச்சி, மூங்கில் குச்சியில தட்டற தந்தி வாத்தியம் வாசிப்பா. நம்ம சைனீஸ் ஓட்டல் சமையல்காரர் புல்லாங்குழலுங்க. பார்லர் லீவு அன்னைக்கு மூணு பேரும் இங்கயே வாசிப்போம்” என்றார்.

அடுத்த மாதம் பாட வேண்டியவர் தொண்டை கட்டி வரமாட்டேன் என்றிருந்த நேரம். பாதி மரத்த வாயோடு அங்கேயே பேசி முடித்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“கடைசிப் பாட்டுக்கு மட்டும் இருவது நிமிசம் வேணுமுங்க. எங்கப்பா அவுங்க ஊர்லருந்து கொண்டாந்தது. மூணு வாத்தியமும் சேந்தாத்தான் அது பாட்டு. கச்சேரி முடிஞ்சு பத்து நாள்ல தங்கச்சி கனடா போறா, குடும்பத்தோட. அப்பறம் எங்கீங்க சேந்து வாசிக்கறது?”

“அதுக்கென்னங்க, தாராளமா” என்றேன்.

கச்சேரியன்று நான் மேடைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தேன். சமையல்காரர் புல்லாங்குழலில் ஒரு துளைமேல் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய சவ்வை ஒட்டினார். ஒட்டுவதற்குப் பசை கிடையாது, பூண்டை நறுக்கித் தேய்த்தார். சபா மேடையில் பூண்டு வாசனை என்று முன்வரிசை மாமா ஒருவர் முகம் சுளித்தார். பாட்டுத் தொடங்கியதும் அவரே “மோகனம்தான், சந்தேகமேயில்லை” என்று தொடையில் தாளம் போட்டார். அடுத்ததும் மோகனம், அதற்கடுத்ததும் மோகனம். கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. வாசிக்கும்போது தங்கச்சி தலை நிமிரவேயில்லை. அவளுடைய குச்சிகள் தகரக் கூரையில் விழும் மழை மாதிரி ஓடின. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அண்ணனைப் பார்ப்பாள், அவர் தலையாட்டுவார். ஐந்து பாட்டு ஆயிற்று.

அப்போதுதான் முன்வரிசையில் எங்கள் சபாத் தலைவர், மில் முதலாளி, கைக்கடிகாரத்தைத் திருப்பினார். நான் ஓடிப்போய்க் குனிந்தேன்.

“ஏந்தம்பி, காரமடையில சொந்தக்காரங்க ஊட்டுச் சீருக்குப் போகோணும். இப்பவே சால்வையப் போட்டுப்போடலாமா?”

எங்கள் சபாக்களில் இது வழக்கம்தான். பெரியவர் கிளம்ப வேண்டுமென்றால் கச்சேரியை நடுவில் நிறுத்தி மரியாதை செய்வோம். வித்வான்கள் சால்வையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பாட்டை எடுப்பார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மூவரும் சபா மேடையே ஏறியதில்லை. அது என் புத்தியில் படவில்லை.

மைக்கைப் பிடித்து நன்றி சொன்னேன். தலைவர் மூன்று பேருக்கும் சால்வை போர்த்தி, பத்து நிமிஷம் மோட்டார் பம்பைப் பற்றிப் பேசிவிட்டுப் புறப்பட்டார். மரியாதைக்குப் பாதிக் கூட்டம் அவர் காரை நோக்கி நடந்தது, நானும் நடந்தேன். மிச்சக் கூட்டம் பஜ்ஜி வாசனையைத் தேடிப் போயிற்று. நான் திரும்பி வந்தபோது மேடையில் மூவரும் சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டர் வில்லைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். தங்கச்சி அவரைப் பார்த்தாள்.

“வாசிங்க” என்று ஒரு வார்த்தை போதும். கூட்டம் தானாகத் திரும்பி வந்திருக்கும். இருபது நிமிஷம் எனக்கு நினைவில் இருந்தது, மறக்கவில்லை. ஆனால் இன்னும் இருபது நிமிஷமா என்று என் கால் பரபரத்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூவரும் குனிந்து பதிலுக்குக் கும்பிட்டார்கள். அவள் குச்சிகளைத் துணியில் சுற்றினாள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அவள் கிளம்புவதற்குள் போய், தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். எங்கேயும் முதல் ஆளாக ஓடுகிறவன், அந்தக் கடை இருக்கிற தெருவுக்குள் மட்டும் திரும்பாமல் உக்கடம் வரை ஸ்கூட்டரில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பத்து நாளும் தீர்ந்தது. பிறகு வேறு டாக்டரிடம் பல் காட்டிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, பல்வலி தாங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்ற கடையெல்லாம் மூடியிருக்க, அந்த நாற்காலியில் போய் விழுந்தேன். அவர் விளக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பினார். வாய் நிறையப் பஞ்சை அடைத்து, குறடைக் கையில் எடுத்த பிறகுதான் பேசினார்.

“ஏனுங்க, ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். அன்னைக்கு எங்க வாசிப்புல தப்பு ஏதாச்சும் இருந்துச்சுங்களா? பாதியிலயே சால்வை போட்டு முடிச்சுப்போட்டீங்களே. தங்கச்சி தன் கைதான் பெசகிருச்சுன்னு அழுதுட்டே போனா. இன்னமும் லெட்டர்ல கேக்கறா.”

என்னால் பேச முடியவில்லை, எழ முடியவில்லை. அவர் பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை அந்தக் கேள்வியோடு கிடந்தேன். வலியில் வந்த கண்ணீர் என்று அவர் நினைத்திருப்பார். துப்பச் சொன்னதும் ரத்தத்தோடு சொன்னேன்.

“தப்பே இல்லீங்க. அது எங்க பழக்கம், நடுவுல போடற சால்வை. வாசிங்கன்னு நாந்தான் சொல்லோணும். சொல்லலீங்க. எனக்குப் பொறுமை இல்லீங்க.”

அவர் வெகுநேரம் கை கழுவினார்.

“இன்னைக்கே எழுதிப் போடறனுங்க” என்றார்.

“அந்தப் பாட்டை இப்ப நான் கேக்கலாங்களா? உக்காந்து கேக்கறனுங்க.”

அவர் திரைப்பக்கம் பார்த்தார். “அவ தட்டற எடத்தைச் சும்மா உட்டுப்போட்டு எப்படீங்க வாசிக்கறது?” என்றார். புதுப் பஞ்சை என் வாயில் வைத்து, “கடிச்சுட்டே அரை மணி நேரம் உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்திருந்தேன்.