அக்காவுக்கு என்ன நோய் என்று கேட்டவர்களுக்கு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவாக வரும் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அக்காவின் நல்ல குணங்களை எழுதினால் போதும் என்று அம்மா சொன்னார்கள். ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஈரலில் என்ன கோளாறு என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையை ஆட்டினார்கள். ஓராண்டாகப் பதில் சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்துவிட்டார்கள். நானும்தான். ஆகவே ஒரே முறையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தவறியபோது அக்காவுக்கு வயது பதின்மூன்று, எனக்கு நான்கு. தோட்ட வீட்டைக் காலி செய்து கிள்ளான் நகரத்துக்கு வந்தோம். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலைக்குப் போனார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அக்கா பள்ளிக்கூடத்தை விட்டார். பதினெட்டு வயதில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். கையுறைக்குள் காற்றை அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி. என் பட்டமளிப்புக்கு வேலை முடித்து நேராக வந்தவர், என் பெயரைக் கூப்பிட்டபோது தூங்கிக்கொண்டிருந்தார். போட்டோவில் கண் வீங்கியிருக்கும். அதற்கு ஊர் முழுக்க, தம்பி பட்டம் வாங்கியதில் அழுதுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டார்.

மறைவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வலி தொடங்கியது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை ஏறும். இரண்டு மூன்று நாள் இருக்கும், பிறகு போய்விடும். பெட்டி தூக்கியதால் வந்தது என்றார்கள் தொழிற்சாலையில். சித்தி, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும் லா" என்றார்.

கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். எங்கள் குடும்பத்தில் யார் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் வாய் நான்தான். தொழிற்சாலையில் மலாயில் மேற்பார்வையாளரையே மடக்கிவிடும் அக்கா, டாக்டர் முன்னால் என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: இந்த வலி மாதவிலக்கு நாட்களில் வருகிறதா? நான் அக்கா பக்கம் திரும்பவில்லை. அதை அக்காவிடம் எந்த வாயால் கேட்பது? இல்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு பார்த்த டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். ஸ்கேனில் ஈரலில் ஒரு கட்டி தெரிந்தது. சாதாரண நீர்க்கட்டியாக இருக்கலாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். செய்தி பரவியதும் மாமா ஒருவர், ஈரல் என்றால் குடிதான் என்று கல்யாண வீட்டில் பேசினார். அக்கா சிரித்தார். "கோயில் தீர்த்தத்தத் தவிர எதையும் குடிச்சதில்லன்னு மாமாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு தம்பி. இங்கிலீஷ்லயே எழுது, பயப்படுவாரு." அதன் பிறகு அக்கா எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

கட்டி பெரிதானதும் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், தமிழர். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அவங்க பேசட்டும்."

அரை மணி நேரம் கழித்து அழைத்தார். வலி வந்த தேதிகள் வேண்டும் என்றார். வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கிளினிக்கில் வாங்கிய எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டுகள் என் பையில் இருந்தன. எடுத்து மேசையில் அடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மாதத்தில் அந்த மூன்று நாள் அக்கா சாமி அறைக்குள் போகமாட்டார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தீப்பெட்டி மட்டும் என் மேசைமேல் இருக்கும், நான் விளக்கேற்ற வேண்டும். நான் விளக்கேற்றிய நாட்களில்தான் அக்கா எம்சி எடுத்துப் படுத்திருந்தார். இரண்டும் ஒரே வீட்டில், என் கண் முன்னால்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறத்தில் இருப்பதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிறது. பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் வளரும்; மிக அரிதாக ஈரலில். மாதவிலக்கு நாட்களில் அதுவும் வீங்கும், கசியும். வெளியேற வழி இருக்காது. ஸ்கேனில் வேறு கட்டியைப் போலவே தெரியும். எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. இது குடியால் வருவதில்லை. புற்றுநோய் இல்லை. யாருடைய சாபமும் இல்லை. பொதுவாக உயிரை எடுக்கும் நோயும் இல்லை என்றார் டாக்டர். அக்காவுக்குக் கட்டி மிகவும் பெரிதாகிவிட்டதால் அறுத்து எடுத்தாக வேண்டியிருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை, வார்டில், நான்தான் இரண்டு தடவையும் இல்லை என்று சொன்னேன் என்பதை அக்காவிடம் சொன்னேன். அவர் போர்வையை நீவிக்கொண்டே சொன்னார்:

"அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் புரியும்டா. அவர் என்ன கேட்டாருன்னு தெரியும். நீ இல்லன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

கட்டியை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் இரத்தத்தில் கிருமி பரவியது. ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டார். டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான் என்ற ஆய்வுக்கூட முடிவு ஏழாம் நாளே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்தது. நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அன்று படித்ததில் ஒரு வார்த்தையைக்கூட விட்டுவிடவில்லை.

அந்த நாட்களில் நாங்கள் தங்க, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தம் வாடகை வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்த என் அலுவலக நண்பருக்கும், ஓய்வு நாளில் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்ட தொழிற்சாலைத் தோழிகளுக்கும், என்னை வெளியே அனுப்பிய அந்த டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கல்யாண வீட்டில் பேசிய மாமா காரியங்கள் முடியும்வரை அம்மாவுடனேயே இருந்தார். அவருக்கும் நன்றி.

போன மாதம் சித்தி அம்மாவைப் பார்க்க வந்தார். அவர் மகளுக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கிறாள். மாதத்தில் இரண்டு நாள் வலியால் பள்ளிக்குப் போவதில்லை. இத்தனை நாளும் எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் விவரம் தெரியும் என்பதால், டாக்டரிடம் வந்து பேச முடியுமா என்று சித்தி கேட்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கார் நான் ஓட்டுகிறேன். சித்தியும் தங்கச்சியும் உள்ளே போவார்கள். முடித்துக்கொண்டு வரும்வரை நான் காரில் இருப்பேன்.