காட்டுப்பாக்கத்திலிருந்து பருத்திப்பட்டுக்குக் கப்புக் கேக்கு

வேலை போன பிறகு என் மனைவி சுமதி வீட்டிலேயே கேக் செய்யத் தொடங்கினார். சென்ற வைகாசியில், எங்கள் அடுக்ககத்துக்கு வெளியிலிருந்து முதல் ஆர்டர் வந்தது: பருத்திப்பட்டில் ஒரு காதுகுத்துக்கு நாற்பத்தெட்டு கப் கேக். இது சரிவராவிட்டால் கேக் சுடும் ஓவனை விற்றுவிட்டு மறுபடி வேலை தேடப்போவதாகச் சொல்லியிருந்தார்.

கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. லேபிள் அச்சடித்ததும் நானே. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் உகரம் சேர்த்து, ஒற்றும் மிகுவித்து, 'சுமதியின் கப்புக் கேக்கு' என நான்கு பெட்டிகளின் மூடியிலும் பெரிய எழுத்தில் ஒட்டினேன். நாங்கள் இருவரும் மாயவரத்துக்காரர்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு ஆட்டோ. பூந்தமல்லி வழியாக ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர். பேசிய கட்டணம் முந்நூறு ரூபாய். பெட்டிகளை இருக்கையில் வைக்காதீர்கள். அது பின்னோக்கிச் சரிவானது, கிரீம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். காலடியில் ஈரத்துண்டு விரித்து வைப்பதே முறை.

பூந்தமல்லி சிக்னலில் ஓட்டுநர் திரும்பி மூடியை வாசித்தார்.

"இன்னா சார், கப்புன்னு நீயே எய்தி ஒட்டிகினு போற?"

புரியவில்லை என்றேன். அவர் மூக்கைப் பிடித்துக் காட்டினார். அகராதியில் கப்பு என்றால் கிளை. நான் அதுவரைதான் பார்த்திருந்தேன். இந்த ஊர்ப் பேச்சில் அது நாற்றம்.

பருத்திப்பட்டு ஏரியோரம் நிறுத்தச் சொல்லி ஒரு லேபிளை உரித்தேன். பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்து கிழிந்தது.

"உடு சார், மிச்ச மூடியாவது பொயைக்கட்டும்" என்றார்.

ஆர்டர் கொடுத்த அமுதா குழந்தையின் அத்தை. பெட்டியைக் கண்டதும், குழந்தையை மடியில் வைத்துக் காதுகுத்த உட்கார்ந்திருந்த தாய்மாமன் பந்தலுக்கே கேட்கும்படி, "இன்னாக்கா, ஊரையே கூப்ட்டு கப்பு கேக்கா போடப் போற?" என்றார். பந்தல் சிரித்தது. அமுதாவின் முகம் வாடியது. நான் குற்றியலுகர விதியை விளக்க முற்பட்டேன், யாரும் கேட்கவில்லை. சுமதியிடம் என்ன சொல்வது என்பதே என் கவலை.

காது குத்தியதும் குழந்தை வீறிட்டது. அமுதா ஒரு கேக்கை அதன் கையில் திணித்தார். அழுகை நின்றது; கிரீம் முழுவதும் மாமன் மீசைக்குப் போனது. அவர் நக்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கப்பு அடிக்குதா?" என்றார் அமுதா.

"அத்த உடு. இன்னொண்ணு குடுக்கா."

அரை மணி நேரத்தில் பெட்டிகள் காலி.

கேக் கொண்டுசெல்வோருக்கு: வெயில் ஏறும் முன் கிளம்புங்கள், லேபிளை மூடியில் அல்ல, பக்கவாட்டில் ஒட்டுங்கள், ஒட்டும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

மறுவாரம் அமுதா வளைகாப்புக்கு ஆர்டர் கொடுத்தார். விதியைத் தளர்த்தி, 'கப்கேக்' என்று புது லேபிள் அச்சடித்துக் கொடுத்தேன். சுமதி அதை ஒதுக்கி வைத்தார்.

"பழசையே ஒட்டுங்க. கப்பு கேக்குதான் வேணும்னு கேக்குறாங்க."