நீலாம்பரனுக்கு நட்சத்திரம் என்ன?

வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் தொழிலில் புத்தகம்தான் நம்முடையது, எழுத்தாளர் வாடிக்கையாளருடையவர். நாலு புத்தகத்தை இரவல் கொடுத்துப் பார்த்திருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். அட்டை கிழிந்தால் நம்மிடம் வருவார்கள். கதாநாயகி அழுதாலும் நம்மிடம்தான் வருவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் என் கடை சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு தையற்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே இருந்தது. சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் வைத்து, கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பியிருந்தார்கள். என் அலமாரியில் மட்டும் எதுவும் மாறவில்லை. மாறுவதற்குப் புதிதாக எதுவும் வரவில்லை.

கடைசிக் கட்டு

சண்டைக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலில் எனக்கு ஒரு பத்திரிகைக் கட்டு வந்தது. அதுதான் கடைசிக் கட்டு என்று அப்போது தெரியாது. அந்த வாரப் பத்திரிகையில் நீலாம்பரன் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். நீலாம்பரன் என்பது புனைபெயர். நிஜப்பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது, படமும் போட்டதில்லை. கதை இதுதான்: கோகிலத்தின் கணவன் ரங்கூனுக்குப் போய்ப் பல வருஷமாகத் தகவல் இல்லை. ஒரு நாள் ஒருவன் வந்து, நான்தான் அவன் என்று கதவைத் தட்டுகிறான். குரல் அவனுடையது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. கோகிலம் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். தொடரும் என்று போட்டிருந்தது.

அதற்குக் கீழே கட்டம் கட்டி ஒரு குறிப்பு. ஆசிரியர் வயிற்றில் கட்டியோடு படுத்திருக்கிறார். இனி மருந்தில்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி வருகிறார். கதையை முடித்துத் தருவதாக வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். பிறகு குண்டு விழுந்தது, வெள்ளைக்காரன் போனான், கப்பலும் தபாலும் நின்றன.

பக்கத்துத் தையற்கடை ஞானம்மா அந்தக் குறிப்பை நின்றபடியே படித்தார். பிறகு என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார், நான் படித்தால் வேறு மாதிரி இருக்கும் என்பதுபோல. படித்தேன். அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "இது அச்சாகி ஒரு மாசம் ஆயிருக்கும், அண்ணாச்சி. அதையும் சேத்துக் கணக்குப் போட்டு, இப்ப அவருக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

ரோகிணி

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுமுறை நாள் மத்தியானங்களில் நான் கடையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். புதிய இதழ் வராததால் தொடரை முதலிலிருந்து ஆரம்பித்து, தாழ்ப்பாள்வரை வந்து, மறுபடி முதலிலிருந்து படித்தோம். வெள்ளிக்கிழமைதோறும் காளி கோயிலில் நீலாம்பரன் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம் என்ற யோசனை மாரியுடையதுதான்.

குருக்கள் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். நீலாம்பரன் என்றதும், அது அச்சடிக்கிற பெயராயிற்றே, பெற்றவர்கள் வைத்தது என்ன என்றார். மாரி திரும்பி வந்துவிட்டார். அன்று கடையில் நட்சத்திர ஆராய்ச்சி நடந்தது. முனிசிபல் ஆபீசில் கிளார்க்காக இருந்த கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ஆதாரம் இல்லாமல் சொல்லமாட்டார். நீலாம்பரனின் நாவல்களில் நல்லவர்கள் எல்லோரும் ரோகிணி என்று பக்கத்தோடு எடுத்துக் காட்டினார். ஆனால் ஒருவர் தன் நட்சத்திரத்தைக் கதையில் வைக்கமாட்டார், மனைவியின் நட்சத்திரத்தைத்தான் வைப்பார் என்று அவரே மறுத்தார். ஞானம்மாவுக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ரோகிணிக்குத்தான் கை தூக்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரி குருக்கள் முன்னால் நின்றதும் தடுமாறிவிட்டார். பெயரும் நட்சத்திரமும் சேர்ந்து அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஒருத்தியுடையதுதான். கோகிலம், ரோகிணி என்று சொல்லிவிட்டார். குருக்கள் மந்திரம் சொல்லி, விபூதியைக் கையில் கொடுத்து, மனைவிக்குப் பூசச் சொல்லி அனுப்பினார். கதையில் வருகிறவளுக்கு அர்ச்சனை செய்கிறவன் உலகத்திலேயே நீர்தான் என்று கந்தையா சீறினார். மாரி விபூதிப் பொட்டலத்தை என் அலமாரியில் நீலாம்பரனின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "அவ நல்லா இருந்தாத்தானே, கிளார்க்கையா, அவரு எழுதுவாரு" என்றார். அதன்பிறகு எல்லா வாரமும் அந்தப் பெயருக்கே நடந்தது.

முருங்கைக்காய்க் குழம்பு

செய்தி வராத ஊரில், இருப்பதையே திரும்பத் திரும்பப் பார்த்து வைத்தியம் பார்ப்பார்கள். ஞானம்மா கடைசி இதழ்களை வரிசையாக மேசையில் பரப்பி, நோயாளியின் நாடி பிடிப்பதுபோல ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார். கடைசி இரண்டு இதழ்களில் வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன என்று கந்தையா கண்டுபிடித்தார். மூச்சு வாங்குகிறது என்றார். ஞானம்மா அதை ஏற்கவில்லை. சொல்லி எழுதுகிறவர் அப்படித்தான் பேசுவார் என்றார். அவர் தேடியது வேறு.

நீலாம்பரன் சாப்பாட்டு எழுத்தாளர். அவருடைய மனிதர்கள் துக்கத்தில் இருந்தாலும் முருங்கைக்காய்க் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டுத்தான் அழுவார்கள். மரவள்ளிக்கிழங்கை அவித்தும் சுட்டும் மாவாக்கியும் தின்றுகொண்டிருந்த நாங்கள் அந்தப் பக்கங்களை எதற்காகப் படித்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாரி அந்த இடம் வந்தால் மெதுவாகப் படிக்கச் சொல்வார். கடைசி இதழ்களில் குழம்பு இல்லை, காப்பிகூட இல்லை. கோகிலம் ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடாமல் கதவருகே உட்கார்ந்திருந்தாள். அது கதைக்குத் தேவை என்றேன் நான். ஞானம்மா இதழ்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "கதையாவது ஒண்ணாவது. அவர் வயித்துல சோறு இறங்கலை, அண்ணாச்சி. இறங்கியிருந்தா அவளுக்கும் ஒரு வாய் போட்டிருப்பார்."

முடித்துத் தர வந்தவர்

ஒரு நாடகக் கம்பெனி வாத்தியார் எங்கள் கடைக்கு வந்து, கோகிலம் கதையைத் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். கம்பெனி கலைந்து, அவர் மாவு மில்லில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். நல்ல குரல். கோகிலம் கதவைத் திறப்பதையும், வந்தவன் கண்ணீர் விடுவதையும் அவர் நடித்துக் காட்ட ஆரம்பித்ததும், மாரி உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்து வெளியே போய், காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டார்.

கந்தையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சீவன் இருக்கிற மனிசன்ரை கதையை மற்றவன் முடிக்கிறதெண்டால், முதல் அந்த மனிசனை முடிக்க வேணும், அதுக்கு நீர் தயாரோ என்று கேட்டார். வாத்தியார் பாதி நடிப்பில் நின்ற கையைக் கீழே இறக்கினார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நான் நாலு விதமா முடிச்சுப் பார்த்துட்டேங்க. ஒண்ணும் அவர் முடிக்கிற மாதிரி இல்லை. அவர் எழுதினா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

சொல்லக்கூடாத செய்தி

அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டிகளை வாங்கிக்கொண்டுபோய், வெளியூர் நிலையம் எதுவும் கேட்காதபடி முத்திரை வைத்துத் திருப்பித் தந்திருந்தார்கள். மீறிக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே நல்லதோ கெட்டதோ, கடலுக்கு அப்பால் நடந்த ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், தெரிந்திருப்பதே குற்றம்.

கந்தையா ஆபீஸ் நேரத்தில் கடைக்கு வந்தது அன்று ஒரு நாள்தான். நீலாம்பரனின் முதல் நாவலைக் கேட்டு வாங்கி, திறக்காமலே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, போயிட்டார் என்றார். கதை முடியேல்லை என்றார். மதராஸில் யாரோ ஒருவர் அவரைப் பற்றிப் பேசியதாகவும், பேசினவர் குரல் உடைந்ததாகவும் சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனையை என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேள்வி வரும். கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. கந்தையா அனுஷ்டானக்காரர், செத்தவருக்கு அர்ச்சனை செய்ய மனம் ஒப்பாது. அது கோகிலத்தின்ரை பேருக்குத்தானே, நடக்கட்டும் என்றார்.

அவர் போன பிறகு ஞானம்மா வந்தார். மெஷின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் கந்தையா அவர் கடையைத் தாண்டிப் போன நடையைப் பார்த்திருக்கிறார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. நீலாம்பரனுக்காக ஞாயிறுதோறும் அவர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். அங்கே நோயாளிகளுக்கு வைக்கிற இடம் வேறு, செத்தவர்களுக்கு வைக்கிற இடம் வேறு. என் மேசையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டு, தெருப் பக்கம் பார்த்தபடி பேசினார். "இந்த வாரம் மெழுகுவத்தியை ஆரோக்கிய மாதாவுக்கு வைக்கவா, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு வைக்கவா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அண்ணாச்சி."

மாரி கேட்டது

மாரியிடம் நாங்கள் சொல்லவில்லை. அவர் துறைமுகத்தில் நாற்பது பேரோடு வேலை செய்கிறவர், துக்கத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்கள் மூன்று பேருக்கும், நீலாம்பரன் உயிரோடிருக்கும் இடம் ஒன்றாவது ஊரில் வேண்டியிருந்தது. மாரி கடைக்கு வந்து உட்கார்ந்தால் அந்த மத்தியானம் அவர் உயிரோடிருந்தார்.

பிறகு சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடித்தார்கள். மாரிக்கும் முறை வந்தது. போவதற்கு முந்தின நாள், ஒரு துணி மூட்டையோடு வந்தார். போனவர்கள் யாரும் இன்னும் திரும்பி வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை. அங்கே படிக்கத் தெரிந்தவன் எவனாவது இருப்பான் என்று, கடைசி இதழை எடுத்துப் போக அனுமதி கேட்டார். பத்திரிகையை வெளியே கொடுப்பதில்லை என்பது என் கடையின் விதி. கொடுத்தேன். ஞானம்மா அதற்கு மழை படாமல் ஒரு துணி உறை தைத்துக் கொண்டுவந்தார். கொடுத்த கையோடு, கடைக்குள் நிற்காமல் போய்விட்டார்.

மாரி அங்கே உட்கார்ந்திருந்த கந்தையாவின் பக்கம் திரும்பினார். ஆபீசில் இருக்கிற நீங்கள் நாலு விஷயம் கேள்விப்படுவீர்கள், எனக்கு வேறொன்றும் வேண்டாம், அவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்தால் போதும், தெரியாமல் அவ்வளவு தூரம் போவது கஷ்டமாக இருக்கிறது என்றார். ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லாத மனிதர் கந்தையா. அவரிடம் இப்போது ஆதாரம் இருந்தது. "இருக்கிறார்" என்றார். கொஞ்சம் தேறியிருக்கிறாராம், கஞ்சி குடிக்கிறாராம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி எழுதுவிக்கிறாராம் என்று, ஒரு தடவை தொடங்கியவர் நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனார். எப்படித் தெரியும் என்று மாரி கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. அவர் முகம் மெல்லத் தெளிந்ததை நான் பார்த்தேன். துணி உறையை மூட்டைக்குள் வைத்துக் கட்டினார்.

படி இறங்கியவர் திரும்பி நின்றார். "அவருக்குச் சேதி அனுப்ப வழி இருந்தா ஒண்ணு சொல்லிருங்க, கிளார்க்கையா. நான் வர்றதுக்குள்ள முடிச்சிற வேணாம், மெதுவாவே எழுதட்டும்."

வாடகைப் புத்தகக் கடைக்காரனின் வேலையில் பாதி, கெடு தாண்டியும் திரும்பி வராத ஓர் இதழுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது. மீதிப் பாதி என்னவென்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.