சுண்டல் தின்ற டிரம்

எங்கள் தெருப் பையன்கள் வீட்டில் நாய் வளர்த்தார்கள், கிளி வளர்த்தார்கள். நாங்கள் ஒரு டிரம் வளர்த்தோம்.

அதைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. தொண்ணூறுகளின் தொடக்கம். இன்ஜினியரிங் முடித்த கையோடு, கிராமத்துக்கு உதவும் சாதனங்களைச் செய்து பார்க்கிற அடையாறு குழு ஒன்றில் போய்ச் சேர்ந்திருந்தார். மயிலாப்பூர் சந்தில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லை ஓரங்கட்டிவிட்டு, பெரிய டிரம்மில் சாணியைக் கரைத்து ஊற்றி, அதற்குள் இன்னொரு டிரம்மைக் கவிழ்த்து மிதக்க விட்டார். சாணி புளித்து வாயு சேரச் சேர மேல் டிரம் மெல்ல எழும்பும். குழாய் வழியே அந்த வாயு ஒற்றை அடுப்புக்குப் போய் நீலமாக எரியும். கோபர் கேஸ் ஒன்றும் புதிதில்லை. ஒரே ஒரு மாடு வைத்திருக்கிற வீட்டுக்கும் தோதாக அதைச் சின்னதாக்கியதுதான் சித்தப்பாவின் சாமர்த்தியம்.

சாணி சப்ளை என் இலாகா. சந்து முனைப் பால்காரர் தொழுவத்துக்கு வாளியோடு போவேன்.

“இன்னா நைனா, பாலை ஊரு குடிக்குது, சாணிய நீ எடுத்துகினு போற. மாட்டையும் இட்டுகினு போயிடு, நான் நிம்மதியா தூங்குவேன்” என்பார்.

டிரம்மில் காதை வைத்தால் உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்கும். ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து ஏப்பம் விடுகிறது என்று முடிவு செய்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதனிடம் நலம் விசாரிப்பேன். அறிவியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தவர் யாரும் இதற்கு ஆச்சரியப்படமாட்டார்கள்.

அப்பாவுக்கு மட்டும் டிரம்மைக் கண்டால் ஆகாது. தன் தம்பிக்குக் கிண்டியில் ஒரு கம்பெனி வேலை பேசி வைத்திருந்தார். “நவராத்திரி முடியறதுக்குள்ள ஒரு கிராமத்துக்காராளாவது இது வேணும்னு கேக்கட்டும். இல்லேன்னா பேசாம கிண்டிக்குக் கிளம்பு” என்று கெடு வைத்துவிட்டார். சனிக்கிழமை மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெண்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதுவரை சித்தப்பாவுக்கு அடையாறிலேயே வேலை. “சாணிதான் முக்கியம். சமையலறை மிச்சமும் கொஞ்சம் போடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்சம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் மதித்ததே கிடையாது.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நாங்கள் சுண்டல் கொடுப்போம். அம்மாவும் அத்தையும் போகிற வீடுகளிலிருந்து அதே அளவு சுண்டல் திரும்பி வரும். பாதி நவராத்திரிக்குள் கொண்டைக்கடலையை நிமிர்ந்து பார்க்கிற தெம்பு யாருக்கும் இல்லை. ஆனால் பிரசாதம் ஆயிற்றே, குப்பையில் கொட்ட முடியுமா? அத்தைதான் வழி கண்டுபிடித்தாள்.

“டிரம்ல இருக்கறது பசுஞ்சாணம். அதுல சேர்த்தா ஒரு தோஷமும் இல்லே.”

அன்று முதல் பட்டாணி, மொச்சை, காராமணி எல்லாம் டிரம்முக்குள் போயின. செய்தி பரவி, அக்கம்பக்கத்து மாமிகளும் தூக்கோடு வந்தார்கள். உள்ளே தள்ளுகிற பொறுப்பை நான் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன். டிரம்மும் எங்களை ஏமாற்றவில்லை. என்றுமில்லாத உயரத்துக்கு எழும்பி நின்றது. சனிக்கிழமைக்கு இருக்கட்டும் என்று அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. சித்தப்பா வந்து பார்த்தால் அசந்து போவார் என்று பேசிக்கொண்டோம்.

அசந்துதான் போனார். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று பெண்களை நேராகக் கொல்லைக்கு அழைத்து வந்தவர், மூக்கைச் சுளித்தார். குழாயைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். அணைந்தது. இன்னொன்று. உள்ளே யாரோ உட்கார்ந்து ஊதுவதுபோல அதுவும் அணைந்தது. கொல்லை வாசலில் அப்பா கனைத்துக்கொண்டார்.

“இதுல என்ன போட்டேள்?” என்றார் சித்தப்பா.

“பிரசாதம்தான்” என்றாள் அத்தை. நான் முன்னால் வந்து, எந்த வீட்டுச் சுண்டல் எப்போது உள்ளே போயிற்று என்று கடகடவென்று ஒப்பித்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

சித்தப்பா அந்தப் பெண்களுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். “இதுக்கு அஜீரணம். ஒரேயடியா தின்னதுல வயிறு புளிச்சுப் போச்சு. வாயு வரும், ஆனா எரியாது. மறுபடி பழையபடி ஆக நாளாகும். இன்னிக்கு உங்களுக்குக் காட்ட ஒண்ணுமில்லே.”

மூத்தவள் டிரம்மை எட்டிப் பார்த்தாள். “இம்மாம் சுண்டலும் மிஞ்சிப் போச்சா?”

“ஆமாம்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“அப்ப எங்க ஊட்ல இதுக்கு இந்த நோவு வராது தம்பி. அங்க என்னா மிஞ்சப் போவுது? வந்து கட்டிக் குடு.”

“எரியறதைப் பாக்காமலேயா?”

“எரியாட்டி உன்னத்தான் அடுப்புல வெப்போம். பொக கக்குற வெறகோட மாரடிக்கிறதுக்கு அது தேவல.”

சித்தப்பாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். அப்பா உள்ளே போனார். கிண்டிப் பேச்சு அதோடு நின்றது.

நவராத்திரிக்கு வந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அம்மா வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம் கொடுத்தாள். நான் வாசல் வரை ஓடினேன்.

“டிரம்ல மட்டும் போட்டுடாதீங்கோ!”

“போடமாட்டேன் சாமி” என்றாள் மூத்தவள். பொட்டலத்தைப் பிரிக்காமல் முந்தானையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

கொல்லைக்குத் திரும்பி, வாளியால் புளித்த கரைசலை அள்ளிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் சொன்னேன்: “அந்த மாமி ரொம்ப ஜாக்கிரதை சித்தப்பா. ஒரு கடலைகூட டிரம்ல விழாதபடி முடிஞ்சு வெச்சுண்டா.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். நாற்றம் தாங்காமல்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்து, நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.