வெள்ளைக் கட்டிக்குள் ஒரு ரப்பர் மீன்

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடித்து வீட்டுக்குள் நுழைந்தால், என் கணவர் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக் கட்டியை முறைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள மாட்டிக்கிச்சு."

"எது?"

"என் மீனு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெங்களூரில் வாங்கிய விரல் நீள ரப்பர் மீன் அது. தூண்டிலில் மாட்டித் தண்ணீரில் இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டே வரும். நிஜ மீன் என்று நம்பி விரால் பாயும். அந்த மாடல் இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை. அதனால் சிலிக்கானில் அச்சு எடுத்து, அதே மாதிரி நிறைய வார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வாரமாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தது இதுதான். டிபன் டப்பாவில் களிமண்ணை நிரப்பி, மீனைப் பாதி புதைத்து, மேலே சிலிக்கானை ஊற்றியிருக்கிறார். இறுகியதும் திருப்பிப்போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, மறுபாதிக்கும் ஊற்றியிருக்கிறார். நடுவில் எதுவும் தடவவில்லை. இரண்டு பாதியும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது.

"கொஞ்சம் வாஸ்லின் தடவியிருக்கக் கூடாதா?"

"டூல் ரூம்ல தெனமும் ரெண்டு பாதி அச்ச மூடித் தெறக்கறேன். ஒருநாளும் ஒட்டுனதில்ல."

"அது இரும்புங்க! இது ரப்பரு. எங்க கம்பெனியில நேத்து சேந்த பொண்ணக் கேட்டாகூடச் சொல்லியிருக்குமே!"

சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பெனியில் மைக்ரான் கணக்கில் இரும்பைச் சீவி அச்சு செய்கிற மனுஷர், பத்து ரூபாய் வாஸ்லினில் கவிழ்ந்துவிட்டார்.

எனக்கு ரப்பர் கம்பெனியில் ட்ரிம்மிங் டேபிள். அச்சிலிருந்து வரும் வாஷர், சீல் எல்லாவற்றின் ஓரத்திலும் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடால் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். பொருளில் கீறல் விழுந்தால் ரிஜெக்ட். கட்டியை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் விறைப்பாக எதிர்த்தது, ஓரிடத்தில் மட்டும் விரல் கொஞ்சம் அமுங்கியது. மீன் சிலிக்கானைவிட மெத்து. தலை இங்கே, வயிறு இங்கே என்று பேனாவால் கோடு போட்டேன். வால் மட்டும் பிடிபடவில்லை. அது அவ்வளவு மெல்லிசு.

அவர் காய்கறிக் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தொட்டீங்க, அவ்ளோதான்! நான் வெட்டறேன். மீனு முழுசா வந்துச்சுன்னா நாளைக்கு ஏரிக்கு நானும் வருவேன்."

மூன்று வருஷமாகக் கேட்கிறேன். சேறு, வெயில், பாம்பு என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சாக்கு. போன வாரம், நான் பேசினால் மீன் ஓடிவிடுமாம்!

"கிழிஞ்சுதுன்னா?"

"ஜென்மத்துக்கும் கேக்கமாட்டேன்."

"சரி. நாளைக்கு ஒருநாள் மட்டுந்தான்."

புது பிளேடு மாட்டினேன். நேராக வெட்டினால் இரண்டு பாதியும் பிறகு பொருந்தாமல் வழுக்கும். அதனால் வளைத்து வளைத்து வெட்டினேன். அப்போதுதான் ஒன்றையொன்று கவ்வும். கொஞ்சம் வெட்டுவது, விரலால் பிளந்து பார்ப்பது, மறுபடி கொஞ்சம். பச்சையாக ஏதோ தெரிந்தது. வயிறு! அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. "தள்ளிப் போங்க," என்று கத்தினேன். வால் பக்கம் வந்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு கட்டைவிரலையும் பிளவுக்குள் விட்டு மெதுவாக விரித்தேன். சிலிக்கான் வாயைத் திறக்க, வால் டப்பென்று துள்ளி வெளியே வந்தது.

ஒரு கீறல் இல்லை! திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. நான் குதித்த குதியில் கீழ்வீட்டம்மா மேலே எட்டிப் பார்த்தார்.

கட்டிக்குள் மீனின் கண், செதில் எல்லாம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. தலைப்பக்கம் ஊற்றுவதற்கு ஒரு துவாரம் வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினேன். பால்கனியில் ஒரு பழைய டம்ளரில், அவர் வரவழைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் திரவத்தைக் காய்ச்சினோம். பால் மாதிரி இருந்தது கெட்டியாகி, பிறகு கண்ணாடி போலத் தெளிந்தது. நீலச் சாயம் கலந்து ஊற்றினேன். முதல் மீனுக்கு வயிற்றில் ஓட்டை. இரண்டாவதுக்கு வாலே இல்லை. மூன்றாவது பிளவிலிருந்து முழுசாக வழுக்கி வந்து உள்ளங்கையில் நெளிந்தபோது, "ஐயோ, உசுரோட இருக்கற மாதிரியே இருக்குது!" என்று கூவிவிட்டேன். விளக்கு வைப்பதற்குள் ஏழு மீன் தேறின.

ஞாயிறு காலை கெலமங்கலம் பக்கத்து ஏரி. அவர் தன் பழைய பச்சை மீனையே மாட்டி, தெளிந்த தண்ணீராகப் பார்த்து எறிந்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. கரையோரம் ஆகாயத்தாமரைக்கு நடுவே குமிழி விடுவதை நான் காட்டினேன்.

"விரால் அங்கதான் இருக்கும். ஆனா போட்டா கொடியில மாட்டி அறுந்துடும். வேணாம்."

அவர் கொடுத்திருந்த இன்னொரு தூண்டிலில் நீல மீனை மாட்டி, நான் போட்டேன். நீல மீன் விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது! தூண்டில் வளைய, என் காலே வழுக்க, பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த கன்னடக்காரர் எழுந்து நின்று, விடாதீங்க என்பதைக் கன்னடத்தில் "பிடபேடி அக்கா, பிடபேடி!" என்று கத்தினார். கொடிக்குள் விரால் ஒரு சுற்றுச் சுற்றியது. பட்டென்று தூண்டில் நரம்பு அறுந்தது. விராலும் போனது, என் மீனும் போனது.

"போச்சே!" என்று அவர் தலையில் கை வைத்தார். எனக்கு வருத்தமே இல்லை. டப்பாவைத் திறந்து அடுத்த நீல மீனை எடுத்தேன்.

"இன்னும் ஆறு இருக்குதுங்க."

அவர் டப்பாவைப் பார்த்தார். தன் தூண்டிலிலிருந்து பச்சை மீனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டார். கையை நீட்டினார். ஒன்றைக் கொடுத்தேன். ஆகாயத்தாமரைக்கு நட்டநடுவே வீசினார். இத்தனை வருஷத்தில் அங்கே அவர் ஒரு தடவைகூட எறிந்ததில்லையாம்.

நரம்பை இழுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "அடுத்த வாரத்துக்கு நெறய மீனு ஊத்திக்க. ரெண்டு பேருக்கு இது பத்தாது."