இந்த லாட்டுக்கு மட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்தில், என்னிடம் புரோகிராம் எழுதும் ஷபானாவின் தங்கைக்கு நிக்காஹ். ஷபானா எங்கே இருந்தாள் தெரியுமா? ஆம்பூரில், எங்கள் ஷூ ஃபேக்டரி கம்ப்யூட்டர் ரூமில், என் பக்கத்து நாற்காலியில். போனை மானிட்டரில் சாய்த்து வைத்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீவு இல்லை என்று சொன்ன புண்ணியவான் நான்தான்.

எல்லாம் ஒரு லேபிளால். தோல் எந்த லாட், அதாவது எந்தத் தொகுதி என்ற நம்பரைப் பெட்டி மேல் அச்சடிக்க வேண்டும் என்று ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டார். மறுநாள் திங்கட்கிழமை கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். 'இரண்டு நாள் வேலை' என்று வாய்விட்டேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. லேபிளைத் தொட்டால் அட்டெண்டன்ஸ் நிற்கிறது, அதைச் சரிசெய்தால் ஸ்டாக் மைனஸில் போகிறது...

இத்தனைக்கும் நான் கட்டிய சாஃப்ட்வேர். தோல், தையல், பேக்கிங் – எல்லாம் தனித்தனிப் பகுதி. ஒன்று இன்னொன்றின் டேட்டாவில் நேராகக் கை வைக்கக் கூடாது. வைத்தால் காட்டிக்கொடுக்க ஒரு சோதனை புரோகிராமும் எழுதினேன். தினமும் காலையில் ஓடும்.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம். தோலில் கலர் கொஞ்சம் கம்மியா? குவாலிட்டி மேனேஜர் ஒரு சீட்டில் 'இந்த லாட்டுக்கு மட்டும்' என்று கையெழுத்துப் போடுவார். அந்த லாட் ஷூவாகிக் கப்பலேறிவிடும், கதை முடிந்தது. அவசரத்துக்கு அதே வழக்கத்தை நான் சோதனைக்கும் கொண்டுவந்தேன். விலக்குப் பட்டியல் என்று ஒன்று; அதில் எழுதிய மீறலைச் சோதனை கண்டுகொள்ளாது.

ஆனால் புரோகிராம் கோட் எந்தக் கப்பலில் ஏறும்? அங்கேயேதான் கிடக்கும். இன்று விதிகள் ஒரு பக்கம், விலக்குகள் பதினோரு பக்கம். சோதனை ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கே புரியவில்லை, ஷபானாவுக்குத்தான் கொஞ்சம் தெரியும். வெட்கமாக இருக்கிறது.

மதியம் அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், பேக்கிங் நேரா தோல் ஸ்டாக்ல கை வெச்சா இப்பவே முடிச்சிடலாம். ஒரே ஒரு விலக்கு."

"இன்னும் ஒண்ணாம்மா?"

"வேற இன்னா சார் பண்றது? பொண்ணு அனுப்புற நேரத்துக்காவது போய்டுவேன்."

அனுமதி கொடுத்தேன். லேபிள் வந்தது. பையைக்கூட மூடாமல் ஓடினாள்.

சாயங்காலம் போன் செய்தேன். பஸ் இரைச்சல்.

"இப்பதான் சார், மேல்விஷாரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி... எதிர்ல பூ வெச்ச கார் போய்டுச்சு. உள்ள அவதான்."

தங்கை போய்விட்டாள். நான் கொடுத்த விலக்கு எங்கும் போகவில்லை.